அனைத்துண்ணி மாப்பிள்ளை

அக்காவின் சமூகத்திற்கு,

தம்பி பணிவோடும் படபடப்போடும் எழுதுவது. இங்கே நாங்கள் நலம். நீயும் அத்தானும் நலமா என்று போனில் கேட்கலாமென்றால், உன்னைக் கலக்காமல் மகளுக்கு மாப்பிள்ளை பேசிவிட்டேன் என்று ஒரு வாரமாக நீ போனையே எடுப்பதில்லை. அதனால் மைத்துனன் கையில் இந்தக் கடிதம்.

மாப்பிள்ளை மிருகக்காட்சிசாலை டாக்டர். இன்று மதியம் முதன்முதலாக நம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். காலையில் தையல் மிஷினை நிறுத்திவிட்டுப் போன் போட்டு, "என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். "அனைத்துண்ணி!" என்று ஒரு கத்தல், லைன் போய்விட்டது. அவ்வளவுதான், என் சம்சாரம் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "உண்ணின்னா நாய் காதுல ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிக்குமே, அதுதானே! உடம்பு அனைத்தும் உண்ணியாம்! இந்தச் சம்பந்தமே வேண்டாங்க" என்று ஒரே அழுகை. மகளோ வேலைக்குப் போய்விட்டாள். கழுத்தில் தொங்கிய டேப்போடு மாடிக்கு ஓடினேன். அங்கே குடியிருக்கும் தமிழ் டீச்சர், தலைக்குச் சாயம் பூசிய கையோடு சொன்னார்:

"'உண்'ணுன்னா சாப்பிடறது. கூட ஒரு 'இ' சேர்ந்தா 'உண்ணி', சாப்பிடறவர். முன்னால 'அனைத்து' வந்தா, எதையும் ஒதுக்காம சாப்பிடறவர்."

"அப்போ நாய் காதுல இருக்கறது?"

"அதுவும் உண்ணுதே, சார்! அதுக்குச் சாப்பாடு ரத்தம்."

அக்கா, எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்காதே! நம் வீட்டில் ஒருத்தருக்குக் கத்தரிக்காய் ஆகாது, ஒருத்தருக்கு மீன் வாடை ஆகாது. எதைப் போட்டாலும் சாப்பிடுகிற மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பார்? சந்தைக்குப் பறந்தேன். கோழி, ஆடு, நண்டு, மூன்று வகை மீன், இரண்டு டஜன் முட்டை! "கொஞ்சம் கீரை?" என்றாள் சம்சாரம். "டாக்டரை அவமானப்படுத்தாதே" என்றேன். மேஜையில் இப்போது தண்ணீர்ச் செம்பு வைக்க இடமில்லை. நீ கோபம் தீர்ந்து, சாவகாசமாக ஒருநாள் வந்தால் போதும்; இன்று அவசரமில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: மைத்துனன் செருப்பை மாட்டுவதற்குள் மாப்பிள்ளை வந்துவிட்டார். மேஜையைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "மாமா, அது நீங்க கேட்டதுக்குச் சொன்ன பதில் இல்ல. கூண்டுப் பக்கத்துல ஒருத்தர், கரடி என்ன சாப்பிடும்னு கேட்டார், அவருக்குச் சொன்னேன். எனக்கு முட்டை வாசனைகூட ஆகாது." பாவம், சிரித்த முகத்தோடு ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அக்கா, மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. கோபத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். அத்தானையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இப்போதே கிளம்பு. பசியோடு வா.