மீன் கலக்காத ரங்கூனைத் தேடி

ஒரு ஊரைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் யாரென்று கேட்டால், அங்கே வந்து எட்டு மாதம் ஆனவன் என்பேன். இருபது வருஷம் இருந்தவரிடம் வழி கேளுங்கள், தலையைச் சொறிவார். எட்டு மாதக்காரன் கையைப் பிடித்தே கூட்டிக்கொண்டு போய்விடுவான். அப்படிக் கூட்டிக்கொண்டு போன ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நடந்தது இது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து, ரங்கூனில் அலோன் கரையோரம் ஒரு அரிசிக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தேன். கிடங்கு, மெஸ், இரண்டுக்கும் நடுவே ஒரு சாலை. நான் அறிந்த ரங்கூன் அவ்வளவுதான். (பேச்சில் மட்டும் பகோடாவின் உச்சி வரைக்கும் ஏறி இறங்குவேன்.) பர்மிய மொழியில் ஐந்தாறு சொல் தெரியும். அதில் எனக்குப் பிடித்தது 'கௌன்டே', அதாவது நல்லது. எதற்கும் பொருந்தும் என்று நம்பியிருந்தேன்.

ரங்கூனை அடுத்த இன்சீனில், ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்தவரின் மகள் வடிவு. அங்குள்ள பிள்ளையார் கோவிலில் அவளை ஒரு தடவை பார்த்தேன். பிரகாரத்தில் என்னை முந்திக்கொண்டு போனாள். அப்போது போன மனசு திரும்பவே இல்லை. பெரியவர்கள் மூலம் கேட்டனுப்பினேன். அவள் அப்பாவுக்கு என்னைப் பிடித்துவிட்டது. ஆனால் தாய்மாமன் வாயிலிருந்து 'சரி' வராமல் தாலி வராது. அந்தத் தாய்மாமன், சிதம்பரம் அண்ணாச்சி, மாப்பிள்ளை பார்க்கவென்றே ஊரிலிருந்து வந்து இறங்கினார்.

அண்ணாச்சிக்கு இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுத்தல் கிடையாது. ஒன்று சைவம். மற்றொன்று சகுனம். பூனை குறுக்கே போனால் போதும், திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடியும் புறப்படுவார். கப்பலில் பூனை இருந்திருந்தால் வங்காள விரிகுடாவிலேயே இன்னும் சுற்றிக்கொண்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மெஸ் வாசலில் வந்து நின்றார்.

"வே, ஊரைச் சுத்திக் காட்டும். கூட நடந்து பாத்தாத்தான் ஒரு ஆளு எப்படின்னு தெரியும்."

"அதுக்கென்ன அண்ணாச்சி! சந்தைப் பக்கம் போவோம். எனக்குத் தெரியாத கடையே கிடையாது" என்றேன். சாயங்காலம் சந்தை முனையில் வடிவின் அப்பா எங்களோடு சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு.

சந்தை அழகாகத்தான் இருந்தது. முகத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய பெண்கள் தாழ்வான முக்காலிகளில் உட்கார்ந்து, வாயில் சுருட்டைப் புகையவிட்டபடி வியாபாரம் செய்தார்கள். கூடை கூடையாகப் பூ. எங்கே பார்த்தாலும் ஆவி பறக்கும் பானை. அண்ணாச்சிக்குப் பசி வந்துவிட்டது. கஷ்டமும் அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் பானைக்குப் பக்கத்தில் வாழைத்தண்டைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டிருந்தார்கள். "ஏ, வாழைத்தண்டுக் குழம்புல்லா!" என்று அண்ணாச்சி உட்காரப் போனார். கடைக்காரி கரண்டியை விட்டு ஒரு கிளறு கிளறினாள். அடியிலிருந்து ஒரு மீன் தலை மேலே வந்து எங்களைப் பார்த்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"அடுத்த கடை இதைவிட நல்லாயிருக்கும் அண்ணாச்சி."

அடுத்த கடையில் சுரைக்காய் பஜ்ஜி. அதே எண்ணெயில் இறால்களும் நீந்திக்கொண்டிருந்தன. அதற்கடுத்த கடையில் வெறும் சோறும் கீரையும். கீரைக்குப் பக்கத்தில் கிண்ணம் நிறைய ஙப்பி, அதாவது புளிக்கவைத்து இடித்த மீன். அதன் வாசனை எங்களுக்கு முன்னாலேயே நடந்தது. சீனர் தெருவில் பன்றிகள் முழுசு முழுசாகத் தொங்கின. அண்ணாச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டு, "கையைப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போவும்வே" என்றார். மாப்பிள்ளை பார்க்க வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு நடப்பது நல்ல அறிகுறியாக எனக்குப் படவில்லை.

மத்தியானம் தாண்டிவிட்டது. "உமக்குத் தெரியாத கடையே கிடையாதுன்னீரு. எனக்குத் தெரிஞ்சு எல்லாம் ஒரே கடைதாம்வே. மீன் கடை" என்றார். கல்யாணம் கையை விட்டு நழுவும் சத்தம் எனக்குக் கேட்டது.

அப்போது பக்கத்துத் தெருவிலிருந்து வேறொரு சத்தமும் கேட்டது. மேளம். ஒரு வீட்டு முன்னால் மூங்கில் பந்தல் போட்டுப் பாய் விரித்திருந்தார்கள். ஒரு பக்கம் சீட்டாட்டம், ஒரு பக்கம் சிரிப்பு. தட்டுத் தட்டாகத் தேத்தண்ணி போய்க்கொண்டிருந்தது. யாரும் சாப்பிட்டதற்குச் சில்லறை எடுப்பதாகத் தெரியவில்லை. (கணக்கு வைத்துச் சாப்பிடும் கடை போலிருக்கிறது என்று நினைத்தேன்.)

"இதான் அண்ணாச்சி நம்ம வழக்கமான இடம்!"

உள்ளே போனோம். என்ன மரியாதை! எழுந்து இடம் விட்டார்கள். அறை அறையாகத் தடுத்த அரக்குத் தட்டு வந்தது. ஊறவைத்த தேயிலை, பொரித்த பட்டாணி, வேர்க்கடலை, எள்ளு, கருப்பட்டித் துண்டு. ஒரு அறையில் மட்டும் கூனி இறால். அதன் மேல் என் இடது கையை வைத்து மூடிக்கொண்டேன். கடைசி வரை எடுக்கவேயில்லை.

அண்ணாச்சி ஒரு பிடி பட்டாணியை வாயில் போட்டார். தேத்தண்ணியைக் குடித்தார். முகம் மலர்ந்தது. "சவத்தை, இம்புட்டு ருசியை வச்சுக்கிட்டா என்னைத் தெருத்தெருவா இழுத்தடிச்சீரு?" (சவம் என்பது எங்கள் பக்கத்தில் வசவு அல்ல, மூச்சு.)

நடுத்தர வயது அம்மாள் ஒருத்தி என் அருகே வந்து குனிந்து மெதுவாக ஏதோ சொன்னாள். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "கௌன்டே! கௌன்டே!" என்றேன். அவள் கொஞ்சம் திகைத்துவிட்டு, இன்னொரு தட்டுப் பட்டாணி கொண்டுவந்து வைத்தாள்.

வீட்டு வாசலை ஒட்டித் தங்கக் காகிதத்தில் சின்னத் தேர் மாதிரி ஒன்று ஜோடித்து வைத்திருந்தார்கள். சுற்றிலும் பூ.

"அது என்னவே?"

"அவங்க சாமி அண்ணாச்சி."

அண்ணாச்சி எழுந்து போய், மேல்துண்டை இடுப்பில் கட்டி, கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். கண்ணை மூடி முணுமுணுத்தார். பந்தலே நெகிழ்ந்துபோனது. அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெற்றிலைப் பெட்டியை அவரிடம் நீட்டினாள்.

"பாத்தீரா, சாமி உத்தரவு!" என்றார் அண்ணாச்சி. வெற்றிலையும் பாக்கும் எடுத்தார். என்னைக் கூப்பிட்டுக் கையில் வைத்தார். "இந்தச் சாமி முன்னால சொல்லுதேன். வடிவு உமக்குத்தாம்வே மாப்ளே."

அண்ணாச்சி மாமாவாகிவிட்டார். எனக்குக் கால் தரையில் இல்லை. அந்த நேரம் பார்த்து மேளம் வேகம் பிடித்தது. எல்லாரும் எழுந்தார்கள். மூங்கில்களைப் பூட்டித் தேரைத் தூக்கப் போனார்கள்.

"புறப்பாடு மாமா! நாமளும் தோள் குடுப்போமா?"

"கேக்கணுமாக்கும்? நம்மூரு ஆனித் தேருக்கு வடம் பிடிச்ச ஆளுவே நான்!"

முன் மூங்கிலில் மாமா, அவருக்குப் பின்னால் நான். தூக்கினவர்கள் நாலடி முன்னே போவார்கள், இரண்டடி பின்னே வருவார்கள். ஆட்டமும் பாட்டமும்தான். "சாமிக்குக் குஷியைப் பாரும்!" என்று மாமா மூச்சு வாங்கினார். சந்தைக்கு நடுவே வந்தபோது, வாழைத்தண்டுக் கடைக்காரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். மாமா பெருமிதம் தாங்காமல் "அரகரா!" என்று ஒரு குரல் கொடுத்தார்.

சந்தை முனையில் வடிவின் அப்பா குடையோடு காத்திருந்தார். ஊர்வலத்தைப் பார்த்ததும் குடையை மடக்கி, செருப்பை விட்டு ஒதுங்கித் தலை குனிந்து நின்றார். பிறகு நிமிர்ந்தார். அவர் பர்மாவிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"அமலே!" என்று பர்மியர் மாதிரியே ஒரு 'அம்மாடி' போட்டார். "மச்சான்... யாரு செத்தது?"

"என்ன அத்தான் சொல்லுதீங்க? சாமி புறப்பாடு!"

"சாமியா? பொணம் மச்சான், பொணம்! அழுகையெல்லாம் முடிச்சிட்டு ஆட்டம் போட்டுத்தான் இங்க அனுப்புவாங்க!"

மாமாவின் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு முதுகு வெளிறிப் போவதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். சாமியைப் பாதி வழியில் இறக்கி வைக்கலாம். இதை எங்கே இறக்குவது? இடுகாடு வரைக்கும் சுமந்தோம். "அரகரா" மட்டும் வரவில்லை. வடிவின் அப்பா கூடவே நடந்துவந்து விசாரித்துச் சொன்னார். அந்த அம்மாள் என்னிடம் குனிந்து சொன்னது, "எங்க அப்பா போயிட்டாரு" என்பதாம். அதற்குத்தான் நான் 'நல்லது, நல்லது' என்றிருக்கிறேன்.

குழாயடியில் வேட்டியோடு தலை முழுகி, சொட்டச் சொட்ட இன்சீன் ரயிலில் ஏறினோம். எங்கள் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. வீட்டுக்குள் காலெடுத்து வைக்குமுன் மாமா இன்னொரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார்.

"எழவு வீட்டு வெத்தலையில, பொணத்து முன்னால வாக்குக் குடுத்து நிச்சயம் பண்ணியிருக்கேன்! பொணத்துக்கிட்டப் பிள்ளை வரம் வேற கேட்டேன்! இந்தச் சம்பந்தம் வேண்டாம் அத்தான். வேண்டவே வேண்டாம்!"

நான் வாசற்படியில் என் ஈரத்தில் நின்றேன். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வடிவின் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அப்பா, செத்தவருக்கு என்ன வயசாம்?"

"தொண்ணூறுக்கு மேலேன்னாங்கம்மா. கொள்ளுப்பேரனையும் பாத்துட்டாராம்."

"அப்போ கல்யாணச் சாவுதான மாமா? நம்ம ஊர்ல அப்படிப்பட்டவங்க சாவுல எறைக்கிற காச நீங்க என்ன பண்ணுவீங்க?"

மாமா துண்டைத் தேடினார். (அந்தக் காசை அடித்துப் பிடித்துப் பொறுக்கிக் குழந்தைகளின் அரைஞாணில் கட்டுவோம். ஆயுசு கெட்டி என்று.)

"காசையே எடுக்கலாம்னா வெத்தலைய எடுக்கக் கூடாதா? அதுவும் போகட்டும். சாமிக்குக் குடுத்த வாக்கை மாத்தணும்னா உண்டியல்ல காணிக்கை போட்டு மன்னிப்புக் கேட்டுக்கலாம். நீங்க அந்தத் தாத்தாக்கிட்டல்லா குடுத்திருக்கீங்க? அவர எங்க போய்க் கேப்பீங்க?"

மாமா வெகுநேரம் தலையைத் துவட்டினார். துவட்ட ஒன்றும் மிச்சமில்லாதபோதும் துவட்டினார். "என் அக்கா மகளுக்கு வாயி என் அம்மைக்கு இருந்த வாயிதான்" என்றார் கடைசியில். பிறகு என் பக்கம் திரும்பினார். "என்னவே முழிக்கீரு? உள்ள வாரும். சளி பிடிச்சிக் கெடந்தா முகூர்த்தத்துக்கு யாரு உக்காருவா?"

கல்யாணத்துக்கு அந்தப் பந்தல் வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். ஊர் பேர் தெரியாமல் வந்து தங்கள் அப்பாவுக்குத் தோள் கொடுத்தவர்களை விட்டுவிட முடியுமா என்றாளாம் அந்த அம்மாள். மாமாவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். இன்றைக்கும் நல்லது கெட்டதுக்கு அவர்கள் எங்களுக்கு உறவு. என் பிள்ளைகளிடம் உங்களுக்கு எத்தனை தாத்தா என்று கேட்டால், தேரில் போனவரையும் சேர்த்து மூன்று என்பார்கள்.

இப்போது எங்கள் மகளைப் பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். முதல் தடவையாக ரங்கூனுக்கு வருகிறவர்கள். நேற்று நான் செருப்பைத் துடைத்து வைத்தபடி, "சந்தைப் பக்கம் ஒரு நடை கூட்டிட்டுப் போய்க் காட்டட்டுமா?" என்றேன்.

வடிவு அடுப்படியிலிருந்து தலையை நீட்டாமலே சொன்னாள்:

"நீங்க சும்மா இருங்க. ஒரு குடும்பத்துக்கு ஒரு சாவு போதும்."