ஒரு கார்கூட வராத பாதை

நிலக்சன் அண்ணை டோர்ட்மண்டிலிருந்து புறப்பட்டது ஆண்டவர் விண்ணேறிய வியாழக்கிழமை, காலை ஆறு நாற்பதுக்கு. ஆண்டவர் நேராகப் போனார். நிலக்சன் அண்ணைக்கு அந்தப் பழக்கம் இல்லை.

வாசகர்களே, இவர் சரளைப் பாதைக்காரர் என்ற இனத்தைச் சேர்ந்தவர். சைக்கிள் ஓட்டுகிறவர் என்று நினைத்துக் குழம்பிவிடாதீர்கள். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்வார்கள். இவர் சேராமல் இருப்பதற்காகவே ஓட்டுகிறவர்.

இவரை எப்படி அடையாளம் காண்பது? குளிர்கால மாலைகளில் மற்றவர்கள் போர்வைக்குள் சுருண்டு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்க, இவர் மடிக்கணினியில் பிரான்சின் நாட்டுப்புறத்தை விரித்து, தார் வீதிக்குச் சிவப்பு, சரளைக்குப் பச்சை என்று நிறம் தீட்டி, வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி, இரண்டு கோதுமை வயல்களுக்கு நடுவே தெரிகிற வெள்ளைக் கோடு பாதையா, மாடு நடந்த தடமா என்று மூக்கு திரையில் முட்டும்வரை ஆராய்ந்து, கடைசியில் "இதுதான் வழி" என்று பெருமூச்சு விடுவார். அந்த மாட்டுக்கே சந்தேகம் இருந்திருக்கும்.

இவருக்கு வார நாட்களில் என்ன வேலை தெரியுமா? ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் லொறிகளுக்கு வழி போட்டுக் கொடுப்பது. ஐந்து நாள் வீதியை நிரப்புகிறார். ஆறாம் நாள், வீதி நிரம்பிவிட்டது என்று தப்பி ஓடுகிறார்.

இவருடைய அகராதியில் "அழகான இடம்" என்றால் ஆள் இல்லாத இடம். "அருமையான கிராமம்" என்றால் எல்லா யன்னல்களும் சாத்தியிருக்கும் கிராமம். இவருடைய கைபேசியில் இருநூற்றுப் பதினாறு படங்கள் இருக்கின்றன. எல்லாம் சரளைப் பாதைகள். மனைவி யூலியா ஒரே ஒரு படத்தில் இருக்கிறா. அதிலும் பாதையின் அகலம் தெரிவதற்காக நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறா.

மன்னாரிலிருந்து வந்து மகனுடன் இருக்கும் தகப்பன் சூசைதாசனுக்கு இன்றுவரை விளங்காத விடயம் இது. "டேய், எங்கடை கிறவல் றோட்டுக்குத் தார் போடச் சொல்லி நாங்கள் இருவது வருசம் மனு குடுத்தனாங்கள். நீ என்னடா எண்டால் ரயில் ஏறிக் கிறவலைத் தேடிப் போறாய்."

"அப்பா, இது வேறை கிறவல்."

"எதிலை வேறை? கல்லு பிரெஞ்சு கதைக்குமோ?"

இந்த முறை அண்ணைக்கு இரண்டு பேர் அகப்பட்டார்கள். ஒருத்தி நான், அவருடைய ஒன்றுவிட்ட தங்கை. இரண்டரை வருடம் ஜோர்ஜியா, வியட்நாம், பெரு என்று அலைந்துவிட்டுத் திரும்பியிருந்தேன். மூன்று வாரம் வீட்டில் இருந்ததிலேயே உள்ளங்கால் அரிக்கத் தொடங்கிவிட்டது. குப்பை கொட்டக் கூப்பிட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். மற்றவள் யூலியாவின் தங்கை பிளோறன்ஸ். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவளுக்கு ஒரு பேருந்து நிறுவனத்தில் தெர்மின். பேருந்துச் சாரதியாகும் தொழிற்பயிற்சிக்கான நேர்முகம். மூன்று வருடமாக விண்ணப்பித்து, முதல் தடவையாக வந்த அழைப்பு. அத்தனை விண்ணப்பங்களையும் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தவர் அத்தான் நிலக்சன்தான். அவர் கூப்பிட்டால் எப்படி மாட்டேன் என்பாள்?

"மண்டை தெளியும், பிள்ளை. தண்டவாள வேலை எண்டபடியால் ஞாயிறு நாலே காலுக்குச் சார்புறூக்கனிலை கடைசி ரயில். நாலு மணிக்கே நிலையத்திலை நிப்பம்."

"அதை விட்டால்?"

"ஏன் விடுறம்?"

யூலியா ஒரு டப்பா நிறைய றோல்ஸ் கட்டித் தந்தா. வரவில்லையா என்று கேட்டதற்கு, "எனக்குத் தார் றோட்டுப் பிடிக்கும்" என்றா.

எல்லை தாண்டியதும் அண்ணையின் முகம் ஒளிர்ந்தது. சரளையைக் கண்டால் இறங்குவார். ஒரு பிடி அள்ளி உருட்டிப் பார்ப்பார். அரிசிக் கடையில் நிற்பவரைப் போலத் தரம் சொல்வார். சில்லில் காற்றைக் குறைப்பார், கூட்டுவார், மறுபடி குறைப்பார். தூரத்தில் ஒரு கார்ச் சத்தம் கேட்டால் யாரோ தன் பெயரைக் கெடுத்துவிட்டதுபோலத் திரும்பிப் பார்ப்பார். மூன்று மணி நேரம் குலுங்கியதில் றோல்ஸ், உருளைக்கிழங்காகவும் இறைச்சியாகவும் மாவாகவும் பிரிந்து தத்தம் பழைய நிலைக்குப் போயிருந்தன. சனிக்கிழமை ஓர் ஊரில், சுவரோரம் பாண் விற்கும் இயந்திரம் ஒன்றைத் தூரத்தில் கண்டோம். முந்நூறு மீற்றர்தான்.

"அது சிவப்பு றோட்டு" என்றார் அண்ணை.

நாங்கள் றோல்ஸைக் கரண்டியால் சாப்பிட்டோம்.

ஞாயிறு மதியம் ஒன்றரைக்கு ஒரு சந்திக்கு வந்தோம். இடது பக்கம் தார் வீதி: எல்லைக்குப் பதினொரு கிலோமீற்றர், அங்கிருந்து சார்புறூக்கனுக்கு இருபது நிமிடம் ட்ராம். வலது பக்கம் காட்டுக்குள் பச்சைக் கோடு: இருபத்தேழு கிலோமீற்றர்.

"அத்தான், நாளைக்கு எனக்குத் தெர்மின். றோட்டாலை போவம்."

"அதுக்குத்தானே பிள்ளை பத்திரமாய்க் கூட்டிக்கொண்டு போறன். அதிலை கார் வரும்."

"எத்தினை வரும்?"

"ஒண்டு வந்தாலும் கார் கார்தானே."

இப்படி ஐந்து நிமிடம் வழக்காடியதில் ஓர் உழவு இயந்திரம் போனது. பின்னால் ஒரு கிழவி சின்னக் காரில் மெல்ல வந்து, எங்களைக் கண்டு கையசைத்துவிட்டுப் போனா.

"பாத்தியே! ஐஞ்சு நிமிசத்திலை ரெண்டு!"

பிளோறன்ஸ் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் அத்தான் கேப்பார்."

நான் காட்டைப் பார்த்தேன். இலைகளுக்குள்ளால் வெயில் விழுந்து, பாதை பொன்னாக வளைந்து போய்க்கொண்டிருந்தது. வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும்போல இருந்தது. "நேரம் இருக்குத்தானே" என்றேன். அந்தச் சொல்லை இப்போதும் திருப்பி விழுங்க முயன்றுகொண்டிருக்கிறேன்.

வளைவுக்கு அப்பால் என்ன இருந்தது? வெட்டிய மரங்கள். பாதைக்குக் குறுக்கே முப்பத்து நான்கு. வானத்திலிருந்து எடுத்த படத்தில் அவை நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் மேலால் மூன்று சைக்கிள்களையும் மூட்டைகளையும் தூக்கி, வழுக்கி, மறுபடி தூக்கி, கடைசியில் ஓர் ஒழுங்கைக்கு ஏறியபோது மூன்றரை. இன்னும் பதினான்கு கிலோமீற்றர். கைபேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

இப்போது ஒரே வழிதான். யாராவது காரில் வந்து பிளோறன்சை மட்டும் ஏற்றிக்கொண்டு போகவேண்டும்.

நிலக்சன் அண்ணை ஒழுங்கையின் நட்ட நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். பத்து நிமிடம். இருபது நிமிடம். ஒரு பசு வந்து பார்த்துவிட்டுப் போனது. கார்? ஒன்றுகூட வரவில்லை. அவர் வரைபடம் போட்டால் போட்டதுதான். தன் வேலையை இவ்வளவு சுத்தமாகச் செய்ததற்காக ஒரு மனிதர் கலங்கியதை அன்றுதான் கண்டேன்.

நாலே காலுக்கு ரயில் போனது. அதை விட்டால் மறுநாள் காலைதான்.

திங்கள் ஒன்பது மணிக்கு நாங்கள் கோப்ளென்சுக்குக் கிட்ட வந்துகொண்டிருந்தோம். பிளோறன்ஸ் தொலைபேசியில் பேசினாள். மறுமுனையில் ஒரு பெண்குரல், மிக மரியாதையாக, அடுத்த வருடம் மீண்டும் விண்ணப்பிக்கச் சொன்னது. அவள் கைபேசியை மடியில் வைத்துவிட்டு யன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "பதினொரு கிலோமீற்றர், அத்தான்." என்னிடம் அதுகூடச் சொல்லவில்லை. அந்த வருடம் முழுக்க என் அழைப்பை அவள் எடுக்கவும் இல்லை.

நிலக்சன் அண்ணை திருந்தினாரா? மூன்று வாரம் மடிக்கணினியைத் திறக்கவில்லை. மாலைகளில் பிளோறன்சின் புதிய விண்ணப்பத்தை நிரப்பினார். ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை வாசித்தார். நான்காவது வாரம் அந்த முப்பத்து நான்கு மரங்களையும் சுற்றிக்கொண்டு போகும் இன்னொரு பச்சைக் கோட்டைக் கண்டுபிடித்தார். ஒன்பது கிலோமீற்றர்தான் கூட.

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் ஒரு கேள்வி. சைக்கிள் உங்களிடம் இல்லாமல் இருக்கலாம். ஊருக்கெல்லாம் வாகனப் புகையைக் குற்றம் சொல்லிவிட்டு, நண்பர் வீட்டுக்குப் போகும்போது "எனக்கு ஒரு குறுக்கு வழி தெரியும்" என்று பிள்ளைகளை முக்கால் மணி நேரம் கூடச் சுற்றவைத்ததில்லையா? இதை வாசிக்கும்போது, அந்தச் சந்தி எங்கே இருக்கிறது என்று உங்கள் விரல் கைபேசியைத் தொடவில்லையா? தொட்டிருந்தால் வீட்டாரிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டு வையுங்கள். இந்த இனம் மேசைக்கு எந்தப் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கும்.

பதினொரு மாதம் கழித்து, ஒரு சித்திரை மாத மத்தியானம், பிளோறன்சிடமிருந்து செய்தி வந்தது:

"அக்கா, இடம் கிடைச்சிட்டுது. ஓகஸ்ட்டிலை தொடங்கிறன். போன வருசம் ஏன் வரேல்லை எண்டு கேட்டவை. உள்ளதைச் சொன்னன். நடுவிலை இருந்த பெரியவர் பேனையைக் கீழை வைச்சிட்டு, அந்தப் பாதையின்ரை வரைபடம் கிடைக்குமோ எண்டு கேட்டவர். அத்தானிட்டைக் கேட்டால் இன்னொருக்காக் கூட்டிக்கொண்டு போவார். நீங்கள் அனுப்பிவிடுங்கோ. உங்களிட்டை இருக்கும் எண்டு எனக்குத் தெரியும்."