பேனர் கடையில் ஓர் இசம்

விழுப்புரத்தில் காதுகுத்துக்கும் கருமாதிக்கும் பேனர் அடிக்கிற கடைகள் எக்கச்சக்கம். ஆனால் உறவுக்காரர்கள் பந்திக்குக்கூடப் போகாமல் பேனருக்கு முன்னால் நின்று சண்டை போட்டார்கள் என்றால், அதை அடித்தவர் எங்கள் கடை டிசைனர் இசமாகத்தான் இருக்கும். அப்படி ஓர் ஆளை இந்த மாவட்டம் அதற்கு முன்னும் கண்டதில்லை, இனிமேலும் காணப்போவதில்லை.

அவருக்குச் சொந்தப் பேர் ஒன்று இருந்தது. சம்பளக் கவரில்கூட முதலாளி ‘இசம்’ என்றுதான் எழுதுவார். ஊர் திண்டிவனம். ஓவியக் கல்லூரியில் படித்தவர். ஐரோப்பாவில் யார் யார் எப்படியெல்லாம் வரைந்து யாரிடமெல்லாம் திட்டு வாங்கினார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. தானும் அப்படித் திட்டு வாங்கியே தீர வேண்டும் என்று ஒரு வெறி. எனக்குக் கவுண்ட்டரில் ஆர்டர் வாங்குகிற வேலை. அதாவது, அவருக்கு வர வேண்டிய திட்டையெல்லாம் முதலில் வாங்கிக்கொள்கிற வேலை.

விக்கிரவாண்டிப் பக்கம் ஒரு காதுகுத்து. எங்கள் ஊர்ப் பேனரில் தாய்மாமன் படம்தான் பெரிசாக இருக்க வேண்டும், காது குத்திக்கொள்கிற பிள்ளைகூட அப்புறம்தான். இசம் அந்த மாமனின் முகத்தை நேராகவும் பக்கவாட்டிலுமாக ஒரே கழுத்தில் பொருத்திவிட்டார். கேட்டால் கியூபிசம். ஒரு மனுஷனை நாம் ஒரே பக்கமாகவா பார்க்கிறோம், சுற்றிச் சுற்றித்தானே பார்க்கிறோம், அதையெல்லாம் மொத்தமாக ஒரே இடத்தில் வைத்தால் என்ன தப்பு என்றார். மாமன் அடிக்க வருவார் என்று நான் நடுங்கிக்கொண்டிருக்க, வந்தவர் பிள்ளையின் சித்தப்பா. மாமனுக்கு இரண்டு மூக்கு வைத்துவிட்டுப் பங்காளிகளுக்கு மட்டும் ஒற்றை மூக்கா என்பது அவருடைய வழக்கு. கடைசியில் பங்காளிகள் அத்தனை பேருக்கும் ஆளுக்கு இரண்டு மூக்கு வைத்து மறுபடி அடித்துக் கொடுத்தோம். கியூபிசத்துக்கு இவ்வளவு மரியாதை பாரிஸில்கூடக் கிடைத்திருக்காது.

அடுத்தது மினிமலிசம். ஒரு கல்யாணப் பேனர். எதையெல்லாம் எடுத்துவிட முடியுமோ அதையெல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சுவதுதான் கலை என்பது கொள்கை. அவர் எடுத்ததில் இரண்டு சம்பந்தி வீட்டாரும் காணாமல் போய்விட்டார்கள். வெள்ளைவெளேரென்ற பேனரின் மூலையில் எறும்பு சைஸில் இரண்டு பெயர்கள். பெண்ணின் அப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, மிஷின் பாதியில் நின்றுபோச்சா என்று என்னிடம் ரொம்ப அனுசரணையாக விசாரித்தார்.

இதெல்லாம் தாங்கிக்கொண்ட முதலாளியை உடைத்தது ஒரு கட்சிப் பிரமுகரின் பிறந்தநாள். மூஞ்சி மூஞ்சி நிறத்திலேயே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது, நிறத்துக்கு விடுதலை வேண்டும் என்று ஐரோப்பாவில் சிலர் கிளம்பினார்களாம். ஃபாவிசம். இசமும் கிளம்பினார். ஐரோப்பாவில் நிறம் வெறும் நிறம், நம் ஊரில் அது கட்சி என்பது அவருக்கு உறைக்கவில்லை. எதிர்க்கட்சிக் கொடி அந்தப் பிரமுகரின் கன்னத்திலேயே பறந்தது. அவருடைய ஆட்கள் திரண்டு வர, கடை ஷட்டரை இறக்கிவிட்டு நாங்கள் உள்ளே உட்கார்ந்திருந்தோம்.

“இன்னும் ஒரு கம்ப்ளெயின்ட் வரட்டும். அன்னிக்கே நீ மூட்டையக் கட்டிக்கினு போய்ட்டே இரு” என்றார் முதலாளி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் இசத்தை வேலையைவிட்டு அனுப்பாத கடை எங்களுடையது ஒன்றுதான். அவருக்குப் பள்ளிக்கூடம் போகிற பெண் இருந்தாள்.

அதற்கப்புறம் மனுஷன் இசங்களையெல்லாம் மூட்டை கட்டிவிட்டார். ரோஜாப்பூ, புறா, குத்துவிளக்கு என்று நல்ல பிள்ளையாக வைத்துக்கொண்டிருந்தார். எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை.

அப்போதுதான் பனமலையிலிருந்து ஏழுமலை என்று ஒரு கொத்தனார் வந்தார். அம்மா தவறிவிட்டார். கருமாதிக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வேண்டும். படம் கேட்டேன். தயங்கித் தயங்கி ஆதார் அட்டையை நீட்டினார்.

“இது எங்கம்மா மாதிரியே இல்லீங்க. யாரையோ புடிச்சி ஒக்கார வச்ச மாதிரி கீது. போட்டோ புடிச்சா ஆயுசு கொறஞ்சிடும்னு மூஞ்ச மூடிக்கும்ங்க. வேற படமே இல்ல.”

அப்புறம் போனில் ஒன்றைத் தேடி எடுத்தார். ஏதோ ஒரு கல்யாணப் பந்தி. சாம்பார் வாளிக்குப் பின்னால் ஓரத்தில், மங்கலாக, பாதி திரும்பிய ஒரு முகம். பெரிசு பண்ணினால் வெறும் கட்டம் கட்டமாகத்தான் வந்தது.

ஆதார் தலையை வெட்டி, ரெடிமேடாக இருக்கிற பட்டுப்புடவை உடம்பில் ஒட்டு என்றார் முதலாளி. எல்லாக் கடையிலும் அதுதான் வழக்கம். எங்கள் பக்கத்தில் முக்கால்வாசி அம்மாக்கள் அதே புடவையில், அதே அட்டிகையில்தான் சாமியாகியிருக்கிறார்கள். இசம் சரி என்று தலையாட்டினார். ஆனால் அந்தப் பந்திப் படத்தை மட்டும் தன் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டார்.

மறுநாள் அந்தப் பேனர் கடைக்குள் பின்சுவரில் தொங்கியது. பட்டுப்புடவை இல்லை. முகமும் இல்லை. ஆள் உயரத்துக்கு வெறும் புள்ளிகள். ஊதா, ஆரஞ்சு, பச்சை, மஞ்சள். ஏழுமலை கிட்டே போய்ப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. கொல்லையில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, காயவைத்த மாதிரி இருக்கிறதே என்றார், அழுகிற குரலில்.

முதலாளி இசத்தைப் பார்த்தார். “புள்ளி வச்சிட்டு கோலம் போடாம உட்டுட்டியா? கெளம்பு.”

இசம் கிளம்பினார், ஆனால் தனியாக இல்லை. ஏழுமலையின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவில் புகுந்து ரோட்டைக் கடந்து, எதிர் டீக்கடை வாசலில் நிறுத்தினார். முதலாளி திட்டிக்கொண்டே பின்னால் ஓட, நானும் ஓடினேன்.

“கலர நாம கலக்கக் கூடாதுண்ணே. பாக்கறவங்க கண்ணுல அதுவா கலந்துக்கும். இப்பத் திரும்பிப் பாருங்க.”

ஏழுமலை திரும்பினார். நானும் திரும்பினேன். கடைக்குள்ளிருந்து ஓர் அம்மா பாதி திரும்பி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி.

ஏழுமலை வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்தார். “நான் வேலைக்குக் கெளம்பறப்ப இப்டித்தாங்க பாத்துக்கினு நிக்கும்.”

முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நாலு டீ சொன்னார். அப்புறம் இசத்தின் பக்கம் திரும்பாமலேயே, “ஜல்தியா குடிச்சிட்டுப் போயி, கயிறு கட்ட ஓட்ட அடிச்சிக் குடு” என்றார். அவ்வளவுதான், வேலை நிலைத்தது.

விசேஷம் முடிந்த பேனர் வைக்கோல் போருக்கு மூடியாகப் போவதுதான் ஊர் வழக்கம். சில மாதம் கழித்து, பனமலைப் பக்கம் வேறு ஒரு பேனர் கொடுக்கப் போன நானும் இசமும் ஏழுமலை வீட்டை எட்டிப் பார்த்தோம். வீட்டுச் சுவரில் மாட்டினால் புள்ளிதான் தெரிந்ததாம். வீட்டுக்கு எதிரே கொல்லையில் பயிர் வைக்கிறவரிடம் கேட்டு, அவருடைய மோட்டார் கொட்டகைச் சுவரில் கட்டியிருந்தார். அன்றிலிருந்து ஏழுமலை தினமும் சோற்றுத் தட்டோடு வாசற்படிக்கு வந்துவிடுகிறார் என்று அவர் மனைவி சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இசத்துக்கு ஒரே புலம்பல். கன்னத்து நிழலில் ஊதா போதவில்லையாம், இன்னும் கொஞ்சம் தைரியமாக வைத்திருக்கலாமாம். மற்ற நாளாக இருந்தால் பேஜார் பண்ணாதீங்க என்றிருப்பேன். அன்றைக்கு ஜன்னலோரத்தை அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு விழுப்புரம் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தேன். அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.