வாய் திறக்காத திருநாள்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஞானம் பிறந்தது சாப்பாட்டு மேசையில். கல்லூரியில் படிக்கும் மகள்தான் காரணம்.

"அப்பா, வியாழக்கிழமை திருநாள்னு லீவு விட்டிருக்காங்களே, அது எதுக்காக?"

மெக்கானிக் யோசித்தார். கடைகளில் தள்ளுபடி உண்டு, தெரியும். போனில் பூப்போட்ட வாழ்த்துகள் வந்து குவியும், தெரியும். வெள்ளிக்கிழமையும் லீவு போட்டால் நாலு நாள் சேர்ந்தாற்போல் தூங்கலாம், அது நன்றாகவே தெரியும். எதற்காக என்பது மட்டும் தெரியவில்லை.

"லீவுக்காகத்தான்," என்றார்.

மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு சுருக்கென்று தைத்தது. ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிடுகிறவர், சொந்தக் குடும்பத்தைத் தரைத்தளத்திலேயே விட்டுவைக்கலாமா? மறுநாள் காலையில் அறிவித்துவிட்டார்.

"இந்தத் திருநாளை அர்த்தத்தோட கொண்டாடப் போறோம். டிவி கிடையாது. கடை கிடையாது. காலைலேர்ந்து சூரியன் மறையற வரைக்கும் நான் மௌனம். கடவுளைப் பத்தி மட்டும்தான் நினைப்பேன்."

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி, துணி மடித்தபடியே கேட்டாள். "சைகை காட்டலாமா?"

"கூடாது. சைகையும் பேச்சுதான்."

"எழுதிக் காட்டினா?"

"அதுவும் பேச்சுதான். செய்யறதை ஒழுங்கா செய்யணும்."

"நாங்க பேசலாமா?"

"நீ பேசாம இருந்துடுவியா? குடும்பத்துக்கு ஒருத்தர் இருந்தா போதும்."

இதில் அவருக்கு ஒரு உபரி லாபமும் இருந்தது. ஒரு வாரமாக மனைவி ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய அண்ணன் வீட்டில் மராமத்து வேலை; மூன்று மாதத்துக்கு அண்ணனும் அண்ணியும் இங்கே சின்ன அறையில் தங்கலாமா? அந்த அறையில்தான் மெக்கானிக் பழைய மோட்டார்களைக் கழற்றிப் பரப்பிவைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக இருப்பார். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றே நாளைக் கடத்திவந்தார். மௌனம் என்றால் அன்றைக்கு ஒருநாள் அந்தப் 'பார்க்கலாம்'கூட வேண்டாம். ஒரே கல்லில் கடவுளும் கிடைத்தார், மச்சானும் விழுந்தார்.

வியாழக்கிழமை காலை, ஜன்னலோரம் நாற்காலி போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தார். சும்மா சொல்லக் கூடாது, முதல் ஒரு மணி நேரம் நிஜமாகவே கடவுளைத்தான் நினைத்தார். அவருக்கே ஆச்சரியம். மகளும் போனை அணைத்துவிட்டுப் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்துகொண்டாள். மெக்கானிக்குக்கு மனசு நிறைந்தது.

பதினோரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. மனைவியின் அண்ணன், அண்ணி, நாலு பெட்டி.

"வாங்கண்ணா! உக்காருங்க அண்ணி! இவர் இன்னிக்கு மௌனம். காது மட்டும் நல்லா கேக்கும்." மனைவி கணவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, இவங்க மூணு மாசம் அந்தச் சின்ன ரூம்ல தங்கிக்கட்டுமா? இஷ்டமில்லேன்னா வேணாம்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அண்ணன் தப்பா நினைக்க மாட்டார்."

மெக்கானிக்கின் கண் முழுசாகவும் வாய் பாதியாகவும் திறந்தன. மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலை நடையை மூன்றாம் நாளும், நீச்சல் வகுப்பை இரண்டாம் நாளும் கைவிட்ட அப்பா, இதையும் பாதியில் விட்டுவிடுவாரோ என்ற கவலை அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டார். தலையை மட்டும் இடமும் வலமும் பலமாக ஆட்டினார்.

"ஈ மொய்க்குது போல," என்றாள் மனைவி. "சைகையெல்லாம் காட்ட மாட்டார். அதுல ரொம்பக் கண்டிப்பு."

"மாப்பிள்ளைக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு!" மச்சானுக்குக் குரல் தழுதழுத்தது. "ஒரு வார்த்தை மறுத்துப் பேசலையே!"

"மௌனம் சம்மதம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க," என்றபடி அண்ணி பெட்டியைத் தூக்கினாள்.

மூன்று மணிக்குள் மோட்டார்கள் பால்கனிக்குக் குடிபெயர்ந்தன. சூரியனும் அன்றைக்கு லீவு போல, இறங்க மனமில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருவழியாக மறைந்ததும் மெக்கானிக் துள்ளி எழுந்தார்.

"நான் ஒண்ணு சொல்லணும்!"

மகள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "முழுசா இருந்துட்டீங்கப்பா! நான் எதிர்பார்க்கவே இல்லை. திருநாள் எதுக்குன்னு யாராவது கேட்டா, இனிமே உங்களைப் பத்திச் சொல்வேன்."

சொல்ல வந்ததை விட்டுவிட்டு மகளின் தலையைத் தடவிக்கொடுத்தார். கோபத்துக்கு நடுவில் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்து தொலைத்தது. திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் நாள்காட்டியைச் சுவரிலிருந்து இறக்கி மடியில் வைத்திருந்தாள்.

"இந்த வருஷத்துல இன்னும் ஒன்பது திருநாள் இருக்குங்க," என்றாள். "ஒண்ணையும் அர்த்தமில்லாம விட்டுடக் கூடாது."