பங்கேற்பாளர் பதினேழின் இருமல்

நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக மனிதகுலம் செய்த மகத்தான காரியம், திருவனந்தபுரம் ஆரியசாலையில் உள்ள மகாராஜா மிளகாய் மண்டியில் இருமுகிறவர்களின் இருமலை எண்ணத் தொடங்கியதுதான். சந்திரனுக்குப் போனது, அம்மையை ஒழித்தது எல்லாம் அதற்கப்புறம்தான் வரும். இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் விஞ்ஞானத்தின் விரோதிகள். அவர்கள் இந்த இடத்திலேயே படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம்.

அந்தப் பெருமையில் பெரும்பங்கு திருவாளர் பிச்சைக்கனிக்கு உரியது. திசையன்விளைப் பக்கத்திலிருந்து இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் பிழைக்க வந்தவர். மண்டியில் அவருக்கு உத்தியோகம் எண்ணுவது. குண்டூர் லாரி வந்து நின்றதும் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இறங்குகிற மூட்டைகளை உரத்த குரலில் எண்ணுவார். முதல் மூட்டைக்கு 'ஒன்று' என்று சொல்வதில்லை, 'லாபம்' என்பார். அதற்குப் பிறகுதான் ரெண்டு, மூணு. சாலைக் கடைத்தெருவில் தமிழ் வியாபாரிகள் எதை அளந்தாலும் எதை எண்ணினாலும் அப்படித்தான் ஆரம்பிக்கும். ஒன்று என்று ஆரம்பித்த கடை உருப்படாது என்பது அவர்கள் நம்பிக்கை. எண்ணுகிறவர் நடுவில் தடுமாறினால், இறங்கிய மூட்டைகளை ஒதுக்கிவைத்துவிட்டு மறுபடி லாபத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது மகாராஜா மண்டியின் தனிச் சட்டம்.

இந்தச் சட்டத்தில்தான் பிச்சைக்கனிக்குச் சிக்கல் வந்தது. மூன்று வருஷமாக அவரால் நாற்பதைத் தாண்ட முடியவில்லை. முப்பத்தைந்துக்கு நெஞ்சு விசில் அடிக்கும், முப்பத்தெட்டுக்கு இருமல் வந்துவிடும். ஒருநாள் நூற்றிருபது மூட்டை லாரியை ஐந்து தடவை முதலிலிருந்து எண்ணினார். டிரைவர் கிழக்கேகோட்டையில் போய்ச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, முகம் கழுவிவிட்டு வந்தார். அப்போதும் எண்ணிக்கை முப்பத்தெட்டில்தான் நின்றது.

மகாராஜா என்பது முதலாளியின் பட்டம் அல்ல. பெற்றோர் வைத்த பெயர். ஆனால் மகாராஜா அண்ணாச்சி அதைப் பட்டமாகவே பாவித்து வந்தார். அவர் பிச்சைக்கனியைக் கூப்பிட்டுச் சுருக்கமாகச் சொன்னார். "நூறு வரைக்கும் இருமாம எண்ண முடியலன்னா, ஸ்டூலை வேற ஆளுக்குக் குடுத்துருவேன் பாத்துக்கோ."

இருமலுக்குக் காரணம் என்ன என்பதில் மண்டியில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. உள்ளே இருபத்துமூன்று பேர், கூரை வரை வற்றல் மூட்டை, காற்று வெளியே போக ஒரு துவாரம் கிடையாது. பிச்சைக்கனியின் மனைவி உலகம்மை பின்கட்டில் உட்கார்ந்து மிளகாய்க் காம்பு கிள்ளுகிறவள். ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்கச் சொல்லி மூன்று வருஷமாக அண்ணாச்சியை அரித்தெடுத்தாள். கடைசியில் அவர் அலுத்துப்போய் ஃபேனை வாங்கினார். எலெக்ட்ரீஷியன் சற்குணம் வந்து பின்சுவரில் வட்டமாக ஓட்டையும் போட்டுவிட்டான். பெட்டியைப் பிரித்து மாட்ட வேண்டியதுதான் பாக்கி.

அன்றைக்குப் பார்த்துத்தான் விஞ்ஞானம் உள்ளே நுழைந்தது.

அது 'சுவாச நோய்கள் மற்றும் அவற்றின் சிக்கல்கள் குறித்த உயர் ஆய்வு மையம்' என்ற பெயரில் வந்தது. அதன் தலைமை ஆய்வாளர் டாக்டர் வெங்கடசுப்ரமணியன், வலியசாலை அக்ரஹாரத்துக்காரர். மண்டி வாசலில் நின்று பதினோரு தும்மல் போட்டார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். இருபத்துமூன்று பேரும் இருமிக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒரே கூரையின் கீழ், ஒரே மாதிரி, ஓயாமல் இருமுகிற கூட்டத்தைத் தேடி அவர் இரண்டு வருஷமாக அலைந்துகொண்டிருந்தார். அவர் முகத்தில் புதையலைக் கண்டவரின் பரவசம் தெரிந்தது.

புதிதாக வந்திருக்கும், வாயால் மூச்சோடு உறிஞ்சும் மருந்து ஒன்றை இவர்களுக்குக் கொடுத்து, ஆறு மாதத்தில் இருமல் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு. முதல் நிபந்தனை, சூழலில் எந்த மாற்றமும் கூடாது. மையத்தின் முத்திரையோடு அண்ணாச்சிக்குக் கடிதம் வந்தது. 'ஆய்வு முடியும்வரை காற்றோட்டம் உட்பட எதையும் மேம்படுத்த வேண்டாம் எனத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.' நல்லது எதையும் செய்யாதே என்று அரசாங்கமோ சாமியோ இதுவரை அண்ணாச்சியிடம் எழுத்தில் கேட்டதில்லை. அவர் கடிதத்தைச் சட்டம் போட்டு, சந்தனம் வைத்து, கல்லாவுக்கு மேலே மாட்டினார்; பின்சுவர் ஓட்டையைச் சாக்கு வைத்து அடைத்தார்.

உலகம்மைக்கு மட்டும் விளங்கவில்லை. ஃபேன் போட்டால் என்ன கெட்டுவிடும் என்று டாக்டரிடமே கேட்டாள்.

"காத்து வந்து இருமல் கொறஞ்சுடுத்துன்னா, கொறைச்சது மருந்தா காத்தான்னு எப்படிம்மா தெரியும்?" என்றார் டாக்டர் பொறுமையாக.

"யாரு கொறைச்சா என்ன சாரே? கொறஞ்சாப் போறாதா?"

பாமரர்கள் இப்படித்தான் அடிப்படைக் கேள்விகளாகக் கேட்டு ஆராய்ச்சியைத் தாமதப்படுத்துவார்கள். டாக்டர் பெருந்தன்மையோடு சிரித்து, பதினான்கு பக்கச் சம்மதப் படிவத்தை எடுத்தார். இருபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். உலகம்மை மாத்திரம் மாட்டேன் என்றுவிட்டாள்.

பிச்சைக்கனி பதினான்கு பக்கத்திலும் போட்டது போதாதென்று பின்பக்கத்திலும் போட்டார். அவருக்கு 'பங்கேற்பாளர் 17' என்று நம்பர் கொடுத்து, கழுத்தில் அட்டை மாட்டினார்கள். இருபத்தாறு வருஷமாக வீட்டில், கடையில், பஸ்ஸில், எல்லோரும் அவரிடம் சொன்னது ஒன்றுதான்: அந்தப் பக்கம் போய் இருமு. இப்போது படித்த மனுஷர்கள் எதிரே வந்து உட்கார்ந்து, இங்கேயே இருமுங்கள், நிதானமாக இருமுங்கள் என்றார்கள். அவர் சந்தோஷத்தில் மூக்கை உறிஞ்சினார். அதையும் குறித்துக்கொண்டார்கள். ஆய்வு நடக்கும் ஆறு மாதமும் ஸ்டூல் அவருக்குத்தான் என்று அண்ணாச்சியும் வாக்குக் கொடுத்தார்.

மையத்தின் ஒருங்கிணைப்பாளர் ஷிஜா, கொல்லத்துப் பெண். பிரிக்காத ஃபேன் பெட்டியின் மேல் உட்கார்ந்து, முதல் மூன்று நாள் அவளே எல்லோருடைய இருமலையும் எண்ணினாள். ஆளுக்கு மணிக்கு ஐந்து, பத்து மணி நேர வேலையில் ஐம்பது. பிறகு ஆளுக்கொரு 'இருமல் நாட்குறிப்பு' வந்தது. மணிக்கு ஒரு வரிசை, ஒவ்வொரு மணிக்கும் எண்ணிக்கை முதலிலிருந்து. ஒவ்வொரு இருமலுக்கும் ஒரு கட்டத்தில் வரிசை எண்ணை எழுத வேண்டும்.

எண்ணுவது எப்படி என்று மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் பொறுப்பைப் பிச்சைக்கனி தானே எடுத்துக்கொண்டார். எண்ணிக்கையில் அவரை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் ஏது? அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு மண்டியின் நாலு மூலையிலிருந்தும் இருமல் கிளம்பியது. ஒவ்வொருவரின் முதல் இருமலுக்கும் பின்னால் பக்தியோடு ஒரு 'லாபம்' கேட்டது. சுமை இறக்கியவர்கள், காம்பு கிள்ளியவர்கள், தராசுக்காரர், எல்லோரும் குனிந்து எழுதினார்கள். இருமுவதிலேயே ஒரு ஒழுங்கு வந்துவிட்டது.

ஆறு மாதம் கழித்து முடிவு வெளியானது. ஐம்பது இருமல் நாற்பதாகிவிட்டது. இருபது சதவீத வீழ்ச்சி. மையத்தின் அரங்கில் பெரிய திரையில் ஒரு கோடு சறுக்குமரம் மாதிரி இறங்கியது. எல்லோரும் எழுந்து நின்று அதற்குக் கைதட்டினார்கள். பங்கேற்பாளர் 17 மேடைக்கு அழைக்கப்பட்டார். பொன்னாடை போர்த்தும்போது அவர் இருமினார். அது ஆய்வுக்காலத்துக்குப் பிந்திய இருமல் என்பதால் யாரும் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் லாரி வந்தது. பிச்சைக்கனி பொன்னாடையோடேயே ஸ்டூலில் உட்கார்ந்தார். முப்பத்தாறில் இருமல் வந்து எண்ணிக்கை விழுந்துவிட்டது. இன்னொரு தடவை ஆரம்பித்தார், முப்பத்தைந்து. அவருக்குப் பயமாகவும் வெட்கமாகவும் இருந்தது. அத்தனை பெரிய மனுஷர்கள் குறைந்துவிட்டது என்கிறார்கள், இந்த நெஞ்சு மட்டும் கேட்கமாட்டேன் என்கிறதே. குற்றவாளியைப் போல ஷிஜாவிடம் போய் நின்றார்.

"சேச்சி, எனக்க நெஞ்சு உங்க ரிப்போர்ட்டுக்கு ஒத்துவர மாட்டேங்குது. எங்கயோ என்கிட்டத்தான் தப்பு."

அவர் பெண்கள் எல்லோரையும் சேச்சி என்றுதான் கூப்பிடுவார், வயது பார்ப்பதில்லை. ஷிஜா அவருடைய நாட்குறிப்பை எடுத்துப் பிரித்தாள். அதுவரை அந்த நோட்டுகளை மையத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற ஆளைத் தவிர யாரும் திறந்ததில்லை. அவள் விரல் ஒரு கட்டத்தில் நின்றது.

"சேட்டா, இது எந்தா? ஒண்ணு எவிடே?"

"அதுதானே ஒண்ணு."

கம்ப்யூட்டர் எண்களை மட்டும்தான் வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு வரிசையிலும் 'லாபம்' என்று எழுத்து இருந்த முதல் கட்டத்தை வெற்றுக் கட்டமாக எடுத்துக்கொண்டது. மணிக்கு ஒரு இருமல் கணக்கில் விடுபட்டது, நாளுக்குப் பத்து. குறைந்துபோனதாகக் கைதட்டு வாங்கிய இருமல்கள் அத்தனையும் அந்த நோட்டுகளில் பத்திரமாக உட்கார்ந்திருந்தன. மருந்து ஒன்றுமே செய்யவில்லை.

செய்தி கேட்டு டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "எங்காத்துல அரிசி அளக்கறச்சே அம்மாவும் லாபம்னுதான் ஆரம்பிப்பா. நேக்குத் தோணாமப் போயிடுத்தே," என்று ஒரு நிமிஷம் மனிதராகப் புலம்பினார். உடனே சமாளித்துக்கொண்டு அவசரக் கூட்டம் கூட்டினார். இரண்டு மணி நேர விவாதத்துக்குப் பிறகு ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: மருந்து வேலை செய்யாததால் அதையே இரட்டை அளவில் மூன்று வருஷம் கொடுத்துப் பார்ப்பது, அதுவரை மண்டியின் காற்றோட்டம் இப்போதுள்ள 'தரத்திலேயே' பேணப்படுவது.

மூன்று வருஷம் காத்திருக்க அண்ணாச்சி தயாராக இல்லை. ஆறு மாதம் என்றுதான் வாக்கு, அது முடிந்துவிட்டது. ஓணத்து லாரிக்கு வேறு ஆள் எண்ணட்டும் என்று சொல்லிவிட்டு, சரக்கு பார்க்கக் குண்டூருக்கு ரயிலேறினார்.

பிச்சைக்கனி அன்று வீட்டில் சாப்பிடவில்லை. எண்ணுவதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது. ஃபேனை மாட்டிவிடுவோமா என்று உலகம்மை கேட்டதற்கு, பதினான்கு பக்கத்தில் கையெழுத்துப் போட்ட மனுஷன் வாக்கு மாறலாமா, விஞ்ஞானம் என்ன நினைக்கும் என்று தலையை ஆட்டினார்.

"ஒப்பு வச்சது நீங்க," என்றாள் உலகம்மை. "நான் ஒரு காயிதத்துலயும் வைக்கல. நீங்க பேசாம இருமிட்டு இருங்க."

காலையில் அவள் சற்குணத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு மண்டிக்குள் வந்தாள். பெட்டியின் மேல் ஷிஜா உட்கார்ந்திருந்தாள். சூழலில் மாற்றம் நேர்ந்தால் உடனே எழுதி அனுப்ப வேண்டியது அவள் கடமை. அவள் எழுந்து நின்றாள். பெட்டி போகிற திசைக்கு நேர் எதிர்த்திசையில் திரும்பிக்கொண்டு, "ஞான் ஒண்ணும் கண்டிட்டில்லா," என்றாள். அரை மணி நேரத்தில் ஃபேன் சுற்றியது. மண்டிக்குள்ளிருந்து சிவப்பாக ஒரு புகை பின்சந்துக்குப் போனது. சந்தில் கட்டியிருந்த ஆடு தும்மியது.

நாலு நாளில் அண்ணாச்சி திரும்பினார். சுற்றுகிற ஃபேனைப் பார்த்ததும் கத்துவதற்கு வாயைத் திறந்தார். திறந்த வாயில் காற்று போனது. இத்தனை வருஷமாக மூக்கில் வைத்திருந்த துண்டு தோளிலேயே கிடப்பதைக் கவனித்தார். வாயை மூடிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தார்.

ஓணத்து லாரி மறு வாரம் வந்தது. நூற்றிநாற்பது மூட்டை. பிச்சைக்கனி கெஞ்சியதால் அண்ணாச்சி கடைசியாக ஒரு தடவை ஸ்டூலைக் கொடுத்தார். லாபம், ரெண்டு, மூணு என்று போனது. முப்பத்தெட்டில், வரவேண்டிய விருந்தாளிக்கு வழிவிடுவதுபோல அவரே ஒரு நொடி தயங்கினார். யாரும் வரவில்லை. ஐம்பது போனது, எழுபது போனது. நூறைத் தாண்டும்போது காம்பு கிள்ளுகிற பெண்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். நூற்றிநாற்பது என்று சொல்லி முடித்தபோது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. மிளகாயால் அல்லாமல் அந்த மண்டியில் வந்த முதல் கண்ணீர் அது.

டாக்டர் வந்து பார்த்தபோது மண்டி அமைதியாக இருந்தது. இருமல் நோட்டுகள் வெறுமையாகக் கிடந்தன. ஒரு ஆராய்ச்சி கண்முன்னால் இப்படி மூச்சு விட்டுக்கொண்டிருப்பதை எந்த விஞ்ஞானிதான் தாங்குவார்? ஃபேன் இருக்கும் இடத்தில் இனி ஆய்வு இல்லை, எல்லோரையும் நீக்க வேண்டியதுதான் என்று சொல்லி, விலகல் படிவங்களை எடுத்து ஷிஜாவிடம் கொடுத்தார். ஷிஜா முதலில் பதினேழாம் நம்பரை எழுதினாள். 'விலகியதற்கான காரணம்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

என்ன போட்டிருக்கிறது, வாசியுங்கள் என்றார் பிச்சைக்கனி.

அவள் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். இறந்துபோனார், ஒரு கட்டம். ஊர் மாறினார், ஒரு கட்டம். சம்மதத்தைத் திரும்பப் பெற்றார், ஒரு கட்டம். தொடர்பு அற்றுப்போனார், ஒரு கட்டம். அவ்வளவுதான். தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் மையத்தின் முகவரி இருந்தது.

"தொடர்பு அற்றுப்போனார்னு போட்டுடு," என்றார் டாக்டர். "எல்லாருக்கும்."

தொடர்பு அற்றுப்போன இருபத்திரண்டு பேரும் அவரைச் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிச்சைக்கனி கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி மடித்தார். அவருக்குக் கோபமாகத் தெரியவில்லை. ஒரு கணக்கு நேராகாதபோது எண்ணுகிறவர் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"டாக்டர் சாரே, சாவுக்கு மொதல் கட்டம் போட்டு வச்சிருக்கீங்க. சொகமாயிட்டா எழுத ஒரு கட்டம் இல்ல. அப்போ ஆறு மாசமா நாங்க எந்தக் கட்டத்துக்கு வருவோம்னு பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

டாக்டர் பதில் சொல்ல வாயெடுத்தார். ஒரு இருமல்தான் வந்தது.

பிச்சைக்கனி பழக்கதோஷத்தில் நோட்டை எடுத்து, முதல் கட்டத்தில் 'லாபம்' என்று எழுதினார்.