ரூபன் எடை போட்ட பை

கொர்பு மலை ஏறுவதென்று ரூபன் முடிவு செய்த அன்றே அவன் நடை மாறிவிட்டது. கூடத்திலிருந்து சமையலறைக்குப் போவதற்குக்கூட மூச்சை அளந்து விட்டான். ஈப்போவின் சிலிபினில், மாடிப்படி இல்லாத வீட்டில், ஒரு மனிதன் வேறு எப்படித்தான் பயிற்சி எடுப்பான்?

அவனுக்குச் சிம்பாங் பூலாயில் ஒரு கல்குவாரியில் வேலை. கல் ஏற்றி வரும் லாரிகளுக்கு எடை போடுவது. பகலெல்லாம் டன் டன்னாகப் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு வீட்டில் கிராம் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்றால், அந்தக் கைப்பேசியைத்தான் கேட்க வேண்டும். அதற்குள் தாடி வைத்த ஒருவன் உட்கார்ந்துகொண்டு, மலைக்குப் போகிறவனுக்குச் சுமையே சத்துரு, முதலில் பை லேசாக இருக்கட்டும், பிறகு உள்ளே இருப்பதெல்லாம் லேசாகட்டும் என்று உபதேசித்துக்கொண்டிருந்தான்.

ரூபன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடி பாதியாயிற்று. சீப்பு இரண்டாயிற்று. துண்டு கைக்குட்டையாகச் சுருங்கியது. உள்பனியனில் இருந்த துணிச்சீட்டைக்கூடப் பிளேடால் பிரித்தெடுத்தான். வெட்டியதையும் மிஞ்சியதையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தான். எதில்? அவன் மனைவி புனிதா முறுக்கு மாவு நிறுக்கிற தராசில். அந்த வாரத்து முறுக்கில் பற்பசை வாடை வந்ததாக இரண்டு வீட்டிலிருந்து புகார்.

"தைப்பூசத்துக்கு ஆள் உயரக் காவடியத் தூக்கிக்கிட்டு குனோங் செரோ கோயில் வரைக்கும் ஆடிக்கிட்டே போனீங்க. இப்ப சீப்பு கனக்குதா?" என்றாள் புனிதா.

"அது பக்தி. இது டெக்னிக்லா."

"சரி, தொப்பை? அது எதுல சேத்தி?"

"அது இஞ்சின்," என்றான் ரூபன்.

ஆனால் விஷயம் தொப்பை அல்ல. விஷயம், மலைக்குப் போகிறவர் யார் என்பது. ஆஃப்ஷீன் என்ற பெண் ஆட்களை மலைக்கு அழைத்துப் போகிறாள். அவளுடைய குழுவில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம். அந்த இடத்தின்மீது புனிதாவுக்கும் கண் இருந்தது. சுங்கை சிப்புட் தோட்டத்தில் பள்ளிப் பேருந்துக்கு நின்ற காலத்திலிருந்து அந்த மலை அவளுக்கு எதிரே நின்றுகொண்டிருக்கிறது. ஒரு தடவையாவது மேலே நின்று, தான் நின்ற இடத்தைக் கீழே பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதைச் சொன்னபோது ரூபன் சிரித்தான். நான்கு வயது இரட்டைப் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று கேட்டான்.

இங்கே ஒரு நியாயம் கேட்டே ஆக வேண்டும். பிள்ளைகளுக்குப் பெற்றவர்கள் இரண்டு பேர். அப்படியிருக்க, பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற கேள்வி மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒருத்தியின் காலடிக்கே உருண்டு வருகிறதே, ஏன்? வீட்டுத் தரை அந்தப் பக்கம் சாய்ந்தா கிடக்கிறது?

புனிதா இதைக் கேட்கவில்லை. வேறொன்று கேட்டாள். அன்று பக்கத்து வீட்டுக் காளியம்மா அக்கா முறுக்கு பிழிய வந்து உட்கார்ந்திருந்தார்.

"நானும் போகணும்னா என்னங்க வேணும்?"

"பை வேணும். உன்கிட்ட ஏது? ஒண்ணுதான் வாங்கப் போறோம்."

"அந்த ஒண்ணு யாருக்குச் சரியா பொருந்துதோ அவங்க மலைக்கு. மத்தவங்க பிள்ளைகளோட. சரியா?"

ரூபன் யோசித்தான். வாங்கப் போவது அவன், தேர்ந்தெடுக்கப் போவது அவன். ஜனநாயகத்துக்கு ஜனநாயகமும் ஆயிற்று, வெற்றிக்கு வெற்றியும் ஆயிற்று. "சரி. நான் ஒரே பேச்சுக்காரன். காளியம்மாக்கா சாட்சி," என்று பெருந்தன்மையோடு சொன்னான். காளியம்மா அக்கா தலையை நிமிர்த்தாமல் முறுக்கைப் பிழிந்துகொண்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை பை வாங்க ஈப்போ டவுனுக்குக் கிளம்பினார்கள். கிளம்பும்போதே ஒரு சண்டை. வாசல் மிதியடி முழுக்கச் செம்மண். வாரக் கடைசி விடிந்தால் போதும், புனிதாவும் காளியம்மா அக்காவும் பாசாருக்கு, சந்தைக்கு என்று போய்விடுகிறார்கள். திரும்பும்போது மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். மீன் வாங்கப் போகிறாயா, மீன் குளம் வெட்டப் போகிறாயா என்று ரூபன் கேட்டான். புனிதா மிதியடியை உதறிப் போட்டாள்.

கடைக்குத் தராசையும் கொண்டுபோயிருந்தான். மாவு படிந்த தராசைக் கண்ணாடி மேசைமேல் வைத்ததும் கடை முதலாளியான தாவ்கே ஒரு துணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். பிறகு ஓர் அளவுநாடாவை எடுத்து, முதலில் முதுகை அளக்க வேண்டும் என்றார். தன்மானமுள்ள ரூபன் ஓர் அடி பின்வாங்கி, நான் சட்டை தைக்க வரவில்லை என்று சொல்லிவிட்டான்.

முதல் பையில் கம்பிச் சட்டம் இருந்தது. தராசில் வைத்தான், உதட்டைப் பிதுக்கினான். இரண்டாவது நல்ல பை, பெரிய அளவு. அதைத்தான் புனிதா தொட்டுப் பார்த்தாள்.

"இது எடுங்க. உங்க உடம்புக்குப் பெரிசுதான் சரி."

கல்யாணமான நாளிலிருந்து புனிதா கை காட்டிய எதையும் ரூபன் எடுத்ததில்லை. திரைச்சீலை, மிக்சி, பிள்ளைகளின் பெயர், எதிலும் இல்லை. எல்லாவற்றிலும் அவள் சொன்னதற்கு நேர் எதிர்தான் அவன் தேர்வு. அதற்கு அவன் வைத்திருந்த பெயர், சொந்தப் புத்தி.

"பெரிசுன்னா கனம்," என்றான்.

"கொஞ்சம் கனந்தான். ஆனாலும் பெரிசா எடுங்க."

அவன் கண் மூன்றாவது பைக்குப் போனது. தராசில் வைத்தால் முள் அசைய யோசித்தது. ரூபன் முகத்தில் சூரியன் உதித்தது. அது சின்ன அளவு, அதனால்தான் லேசு என்றார் தாவ்கே. பட்டையை இழுத்தால் நீளும் என்றான் ரூபன். நீளும், முதுகு நீளாது என்றார் தாவ்கே.

"கடைசியா சொல்றேன், பெரிசு எடுங்க," என்றாள் புனிதா.

அத்துடன் விஷயம் முடிந்தது. சின்னப் பைக்கு ரசீது போடச் சொன்னான்.

மறுநாள் விடியற்காலை கிளேடாங் மலையடிவாரம். கொர்புவுக்கு வருகிறவர்கள் முழுப் பையோடு ஒருமுறை இங்கே ஏறிக் காட்ட வேண்டும், பை சரியாக உட்காராதவருக்கு இடமில்லை என்பது ஆஃப்ஷீன் வைத்த விதி. புனிதா பிள்ளைகளோடு வந்திருந்தாள். சாட்சிக்குக் காளியம்மா அக்காவும் வந்திருந்தார்.

ரூபன் பையை மாட்டினான். தோள்பட்டை பிடித்துக்கொண்டது. இடுப்பில் இருக்க வேண்டிய பட்டை விலாவுக்கு ஏறிவந்து நின்றது. அதை இழுத்துக் கட்டப் பார்த்தான். இஞ்சின் குறுக்கே நின்றது. இந்தப் பக்கத்துக் கொக்கியும் அந்தப் பக்கத்துக் கொக்கியும் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகளைப்போல ஆளுக்கொரு பக்கம் தொங்கின. மூச்சை உள்ளே இழுத்தான். முகம் நீலமானது, கொக்கி சேரவில்லை.

"அண்ணே, சுமை இடுப்புல உக்காரணும்," என்றாள் ஆஃப்ஷீன். "இப்படிப் போனா எல்லாம் தோள்ல இறங்கும். பாதி மலையில உங்களையும் பையையும் சேத்து நாங்கதான் தூக்கணும். சூசா அண்ணே, ரொம்பக் கஷ்டம்."

புனிதா கையை நீட்டினாள். பை இடம் மாறியது. பட்டை தானே வழி தெரிந்ததுபோல இடுப்பெலும்பில் போய் உட்கார்ந்தது. கொக்கி டக்கென்று விழுந்த சத்தம் கார் நிறுத்துமிடம் வரைக்கும் கேட்டது.

"ஒரே பேச்சுக்காரன்னு சொன்னியே தம்பி," என்றார் காளியம்மா அக்கா.

ரூபன் புனிதாவை நோக்கி விரலை நீட்டினான். "இது சதி. நீ வேணும்னே செஞ்சிருக்க."

"நான் என்னங்க செஞ்சேன்? பெரிசு எடுங்க, பெரிசு எடுங்கன்னு கத்துனேனே. தாவ்கேயக் கேளுங்க."

ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. உண்மையைச் சொல்லியே ஒரு மனிதனைக் கவிழ்க்க முடியும் என்றால், உலகத்தில் பாதுகாப்பான இடம்தான் எது?

கடைசியாக ஒரு துரும்பு கிடைத்தது அவனுக்கு. "மலைக்கு ஏத்த சப்பாத்து வேணுமே. இருக்கா?"

புனிதா காரின் பின்கதவைத் திறந்து ஒரு ஜோடி கறுப்புக் கித்தா சப்பாத்தை, ரப்பர் காலணியை, எடுத்தாள். மரம் வெட்டுகிறவர்கள் போடுகிற அதே சப்பாத்து, அடியில் முள் வைத்தது. புதிது இல்லை. முள் பாதி தேய்ந்திருந்தது. இடுக்கெல்லாம் செம்மண், காய்ந்தும் காயாமலும். ரூபனுக்கு அந்த மண்ணை நன்றாகத் தெரியும். மிதியடியில் வாராவாரம் பார்த்த மண்.

"அக்கா, எப்பவும் போற வழியிலயே போலாமா?" என்று கேட்டாள் ஆஃப்ஷீன்.

"போலாம்லா," என்றாள் புனிதா, திரும்பிப் பாராமலேயே. காளியம்மா அக்கா மட்டும் ரூபனைப் பார்த்து, இந்தப் பாசாரில் ஏற்றம் கொஞ்சம் அதிகம் என்றார்.

கொர்புவுக்குப் போனவர்கள் இறங்கி வந்ததும் ரூபனின் கைப்பேசிக்கு முதலில் வந்தது ஒரு படம். உச்சியில், மேகத்துக்குமேல், புனிதா. முதுகில் அந்தப் பை. முகத்தில் களைப்பே இல்லை. வழக்கில் ஜெயித்தவளின் முகம் அது. ரூபன் அந்தப் படத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பார்த்தான். கழுத்தில் ஒரு பிள்ளை ஏறி உட்கார்ந்திருந்தது, இடுப்பில் இன்னொன்று தொங்கியது, அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அவனுக்குத் தெரிந்த வித்தையையெல்லாம் யோசித்துப் பார்த்தான். இந்தச் சுமையில் வெட்டிக் குறைக்க ஒரு கிராம்கூட இல்லை.