படித்துவிட்ட குற்றத்துக்காக

பொது நூலகத்தின் புதிய நூல் பரிந்துரைக் குழு மாதாமாதம் பத்துப் புத்தகங்களை மக்களுக்குச் சிபாரிசு செய்யும். தன்னம்பிக்கை ஊட்டும் சுயசரிதையில் தொடங்கிக் குற்றக் கதையில் முடியவேண்டும் என்பது விதி. முதலில் எழுச்சி, பிறகு கொலை. இத்தனை வருடங்களில் இந்த வரிசை ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

அந்த மாதம் குறிப்பெழுதும் வேலை உதவி நூலகரிடம் வந்தது. ஆறு வருடமாகத் தற்காலிகப் பணியில் இருந்தவள். நிரந்தரமாக்கும் கோப்பு மேலே போயிருந்த நேரம். நல்ல பெயர் வாங்கவேண்டும் என்ற பதற்றத்தில், யாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்துவிட்டாள். பத்தையும் படித்துவிட்டாள்.

சுயசரிதைக்கு, "விழுந்து எழுந்த கதை இரண்டு பக்கம், ஆசிரியரின் புகைப்படங்கள் நாற்பது பக்கம்" என்று எழுதினாள். குற்றக் கதைக்கு, "கடைசிப் பக்கம்வரை கொலையாளி யாரென்று ஊகிக்க முடியவில்லை" என்று எழுதினாள்.

மூன்றாம் நாள் விசாரணைக்கு அழைத்தார்கள்.

குழுத் தலைவர் அவளுடைய குறிப்பை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். "கடைசிப் பக்கம்வரைன்னு எழுதியிருக்கீங்களே. அதுவரைக்கும் போனீங்களா?"

"போனேன் சார்."

"யார் அனுமதி கொடுத்தா?"

"பரிந்துரைக்கணும்னா படிக்கணும்னு நினைச்சேன் சார்."

செயலர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "அம்மா, பரிந்துரைக்கறவங்க நடுநிலையா இருக்கணும்னு விதி. படிச்சா அபிப்பிராயம் வரும். அபிப்பிராயம் வந்தா நடுநிலை போச்சு. இருபது வருஷமா நாங்க ஒரு புத்தகத்தையும் திறக்காம கட்டிக் காத்த நேர்மை இது."

"உங்க வயசுல எனக்கும் ஆசை இருந்தது" என்றார் தலைவர், கொஞ்சம் இளகி. "அடக்கிக்கிட்டேன்."

"என் நிரந்தரக் கோப்பு என்னாகும் சார்?"

இரண்டு பேரும் விதிப் புத்தகத்தைப் பார்த்தார்கள். அதையும் திறக்காமல் பார்த்தார்கள். ஒரே வழிதான் இருந்தது: படித்ததை மறந்துவிட்டதாக அவள் எழுதிக் கொடுக்கவேண்டும், அதைக் குழு சோதித்துப் பார்க்கவேண்டும்.

எழுதிக் கொடுத்தாள்.

"கொலை பண்ணது யாரு?" என்றார் தலைவர்.

"தெரியாது சார்."

"மறந்துட்டாங்களா, நடிக்கறாங்களான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றார் செயலர். "சரியான விடை நமக்குத் தெரிஞ்சிருக்கணுமே. யாராவது படிச்சாத்தான் உண்டு."

தலைவர் செயலரைப் பார்த்தார்.

"எனக்கு ஓய்வுக்கு மூணு மாசம்தான் சார் இருக்கு" என்று செயலர் கும்பிட்டார். "என் பேர்ல களங்கம் வேண்டாம்."

தலைவர் மேசைமேல் குனிந்தார். குரல் தணிந்தது. "அட்டையில ஒரு பல் டாக்டர் படம் போட்டிருக்கே. அவன்தானே?"

இல்லை, அது நர்ஸ். மாத்திரை டப்பாவை மாற்றி வைத்தது எப்படி என்பதுவரை அவள் நாக்கு நுனியில் நின்றது. சொல்லிவிட்டால் அந்த மனிதர் முகம் எப்படி மலரும் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். ஆறு வருடத்தையும் நினைத்தாள்.

"எந்தப் புத்தகத்தை சார் கேட்கறீங்க?" என்றாள்.

"அபாரம்!" என்று செயலர் எழுந்தே விட்டார்.

அந்த வாரமே பணி நிரந்தரமானது. பரிந்துரைப் பிரிவின் பொறுப்பும் வந்தது. "இனிமேலாவது புத்தி வரட்டும்" என்று வீட்டுக்காரர் மகிழ்ந்தார். "ஊரெல்லாம் ஒழுங்கா வேலை பார்க்குது, உனக்கு மட்டும் படிப்பு எதுக்கு?"

பட்டியல் வெளிவந்தது. ஒவ்வொரு நூலின் மேலும் முத்திரை: "பரிந்துரைத்தோர் எவரும் இந்நூலைப் படித்ததில்லை எனச் சான்றளிக்கப்படுகிறது." மக்கள் நம்பிக்கையோடு அலைமோதினார்கள். எடுப்பார்கள், ஜன்னலோரம் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துப் படம் பிடிப்பார்கள், அரை மணியில் திருப்பிக் கொடுப்பார்கள். ஒரே நாளில் ஒரே புத்தகம் பதினான்கு பேருக்குப் போனது. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

ஒருவர் மட்டும் நான்கு நாளாகத் திருப்பித் தரவில்லை. கடைத்தெருத் தையல்காரர். ஐந்தாம் நாள் கழுத்தில் டேப்போடு ஓடிவந்தார். கண் சிவந்திருந்தது.

"மேடம், அந்த நர்ஸ்! நான் எதிர்பார்க்கவே இல்லை! மாத்திரை டப்பாவை எப்படி மாத்தி வைச்சா பாருங்க! யார்கிட்டயாவது பேசலைன்னா தலை வெடிச்சிடும் போலிருக்கு. நீங்க படிச்சீங்களா?"

வரிசையில் நின்றவர்கள், தொற்றுநோய்க்காரரைக் கண்டதுபோல் இரண்டடி பின்வாங்கினார்கள்.

தானும் கடைசிப் பக்கம்வரை பல் டாக்டரையே சந்தேகித்ததைச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். வரிசையிலிருந்த அத்தனை கண்களும் அவள்மேல் இருந்தன.

"மெதுவாப் பேசுங்க அண்ணே" என்றாள். அவருடைய உறுப்பினர் அட்டையை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். "நான் பொறுப்பான பதவியில இருக்கறவ."

வரிசை கைதட்டியது.